மந்திரம் தேடும் நேரம் யாருடையது?

(வீடியோ கேம் வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கற்பனை உலக ரோல்-பிளேயிங் கேம்களில் ஆடுபவர் தன் மந்திரவாதிக்கு ஒரு மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அந்தத் தேர்வு நடக்கும் திரையை எப்படி வடிவமைப்பது என்பதுதான் இன்றைய தலைப்பு. கேட்பதற்குச் சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் வாள் வீரனையும் மந்திரவாதியையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். வாள் வீரனுக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் வெட்டு விழுந்துவிடும். மந்திரவாதியிடம் இருபது மந்திரம் இருக்கும், முப்பது இருக்கும், சில கேம்களில் நூறைத் தாண்டும். ஆடுபவர் கையில் இருப்பதோ பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். எதிரி நெருங்கி வந்துகொண்டிருக்கிறான். அத்தனை மந்திரத்தையும் இத்தனை பொத்தானுக்குள் கொண்டுவருவது நம் பொறுப்பு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மந்திரப் பட்டியலை கேம் முடிந்த பிறகு மேலே ஒட்டும் அலங்காரமாகப் பலர் நினைக்கிறார்கள். மந்திரவாதியாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை ஆடுபவர் உணரும் இடமே அந்தப் பட்டியல்தான். எனவே அதை வரையத் தொடங்குவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஆடுபவர் எதைத் தன் நினைவில் வைத்திருக்க வேண்டும், எதைத் திரை அவருக்காக வைத்திருக்க வேண்டும்? அவர் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் உலகம் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா? இதுவரை வந்த நல்ல கேம்கள் ஒவ்வொன்றும் இந்த இரண்டுக்கும் தெளிவான விடை சொல்லியிருக்கின்றன.

நினைவிலிருந்து தொடங்குவோம். 1981-இல் ஆப்பிள் 2 கணினிக்கு ‘விசார்ட்ரி’ வந்தது. ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் என்ற இருவர் உருவாக்கியது. அதில் மந்திரத்தின் பெயரை விசைப்பலகையில் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும். சிறு நெருப்புக்கு ‘ஹலிட்டோ’. காயம் ஆற்ற ‘டியோஸ்’. பெரும் அழிவுக்கு ‘டில்ட்டோவெய்ட்’. எந்தப் பெயருக்கு என்ன பலன் என்பது கேமோடு வந்த கையேட்டில் அச்சாகியிருந்தது. ‘மாலோர்’ என்ற மந்திரத்தை முகாமில் சொன்னால், எந்தத் திசையில் எத்தனை கட்டம் தாண்ட வேண்டும் என்று கேட்கும். கணக்குத் தப்பிப் பாறைக்குள் போய் இறங்கினால் மொத்தக் குழுவும் போய்விடும். அந்த மந்திரவாதியின் ஞானமும் பொறுப்பும் ஆடுபவரின் தலையிலேயே இருந்தன.

இந்த வழியின் உச்சம் என்று நான் கருதுவது 1987-இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த ‘டன்ஜன் மாஸ்டர்’. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். திரையின் வலப்பக்கம் ஒரு சிறு பலகை. அதில் ஆறு குறிகள். முதல் வரிசை மந்திரத்தின் வலிமையைக் குறிக்கும். ஒன்றைத் தொட்டதும் அந்த ஆறும் மறைந்து, அடுத்த ஆறு வரும். அவை நெருப்பு, நீர், காற்று முதலான மூலங்கள். அடுத்த ஆறு வடிவத்துக்கு, கடைசி ஆறு வகைக்கு. மொத்தம் 24 குறிகள். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது ஆறு மட்டுமே. வலிமைக் குறியோடு ‘ஃபுல்’ என்ற நெருப்புக் குறியை மட்டும் சேர்த்தால் குகைக்கு வெளிச்சம் கிடைக்கும். அதோடு சிறகைக் குறிக்கும் ‘இர்’ சேர்ந்தால் அதே நெருப்பு உருண்டையாகிப் பறக்கும். இத்தனையும் எதிரி நடந்து வந்துகொண்டிருக்கும்போது நடக்கிறது. உலகம் ஒரு நொடிகூட நிற்காது.

இதில் மந்திரங்களின் பட்டியல் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். குகையில் கிடைக்கும் ஓலைச்சுருள்களில் சில சேர்க்கைகள் எழுதியிருக்கும். மற்றதை ஆடுபவர் தானே சேர்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். முடிக்காத சேர்க்கை பலகையில் அப்படியே நிற்கும் என்பதால், கதவைத் திறப்பதற்கு முன்பே குறிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எதிரியைக் கண்டதும் ஏவலாம். அப்படி ஒரு பழக்கம் ஆடுபவருக்கு வந்துவிட்டால் அவர் முன்யோசனையுள்ள மந்திரவாதியாகவே மாறிவிட்டார் என்று பொருள். கதையில் ஒரு வரிகூட எழுதாமல், 24 குறிகளும் ஒரு பலகையும் இந்த வேலையைச் செய்தன.

இந்த மரபுக்கு வாரிசுகள் உண்டு. 2002-இல் வந்த ‘ஆர்க்ஸ் ஃபடாலிஸ்’ கேமில் மவுஸைப் பிடித்துக் காற்றில் குறிகளை வரைய வேண்டும். 2011-இல் வந்த ‘மேஜிக்கா’வில் எட்டு மூலங்கள், எட்டு விசைகள். ஐந்து மூலங்கள் வரை அடுக்கி ஏவலாம். ஒன்றுக்கொன்று எதிரான மூலங்கள் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதில் மந்திர சக்தி என்று தனியாக ஓர் அளவே கிடையாது. விரல்களின் வேகமும் நினைவும்தான் சக்தி.

எதிர்த்திசையில் போனவர்கள் ஜப்பானியர்கள். 1986-இல் எனிக்ஸ் நிறுவனத்தின் ‘டிராகன் குவெஸ்ட்’ ஃபேமிகாம் கருவிக்கு வந்தது. அந்தக் கருவியில் விசைப்பலகை கிடையாது. ஒரு திசைப் பொத்தான், அதோடு நான்கு சிறு பொத்தான்கள், அவ்வளவுதான். பெயரைத் தட்டச்சு செய்யும் வழி அங்கே எடுபடாது. எனவே தெரிந்த மந்திரங்கள் ஒரு பெட்டிக்குள் வரிசையாக வந்தன. கர்சரை நகர்த்தி எடுத்துக்கொள்ளலாம். நினைவிலிருந்து வரவழைப்பதைவிடக் கண்ணால் பார்த்து அடையாளம் காண்பது எளிது. கையேடு படிக்காத சிறுவர்களாலும் முதல் நாளிலேயே மந்திரம் ஏவ முடிந்தது. அவர்களுக்குக் கதவைத் திறந்தது இந்தப் பெட்டிதான்.

ஆனால் பெட்டிக்குள் மந்திரங்கள் பெருகப் பெருகச் சிக்கலும் பெருகியது. 1987-இல் வந்த முதல் ‘ஃபைனல் ஃபேன்டசி’யிலேயே வெள்ளை மந்திரம் 32, கருப்பு மந்திரம் 32. எட்டுப் படிநிலைகளாகப் பிரித்து, ஒருவர் ஒரு படிநிலைக்கு மூன்று மட்டுமே கற்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். இது விளையாட்டு விதி மட்டும் என்று நினைக்காதீர்கள். திரை தாங்கும் அளவுக்குப் பட்டியலைக் கட்டுப்படுத்திய விதியும் அதுவே.

1994-இல் வந்த ஆறாவது பாகத்தில் இரண்டு சிறு அமைப்புகள் உண்டு. நான் எல்லா மாணவர்களிடமும் அவற்றைப் பார்க்கச் சொல்வேன். ஒன்று, மந்திரங்களின் வரிசை. குணப்படுத்துபவை, தாக்குபவை, மற்ற விளைவுகள் என்ற மூன்று வகைகளில் எது மேலே வர வேண்டும் என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம். குழுவைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்று நினைப்பவருக்குக் குணமாக்கும் மந்திரம் மேலே இருக்கும்; அடித்து முடிப்போம் என்பவருக்குத் தீ மேலே இருக்கும். இரண்டாவது, கர்சரின் நினைவு. கடந்த முறை எந்த மந்திரத்தில் கர்சர் நின்றதோ, அடுத்த முறையும் அங்கேயே திறக்கும். ஒவ்வொரு சண்டையிலும் பல அழுத்தல்களை மிச்சப்படுத்தும் அமைப்பு அது.

இனி இரண்டாவது கேள்வி, நேரம். 1991-இல் ஃபைனல் ஃபேன்டசியின் நான்காவது பாகத்தில் ஹிரோயுகி இட்டோ ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தார். அதுவரை இரு தரப்பும் முறைவைத்து அடித்துக்கொண்டிருந்தன. இவர் ஒவ்வொருவருக்கும் ஓடும் கடிகாரம் வைத்தார். ஆடுபவர் யோசிக்கும்போதும் எதிரியின் கடிகாரம் ஓடும். அப்படியென்றால் மந்திரப் பட்டியலில் தேடுகிறவருக்கு என்ன ஆகும்? வாள் வீரன் ஒரே அழுத்தலில் வேலையை முடிக்கிறான்; மந்திரவாதி மட்டும் மூன்று பெட்டிகளைத் திறந்து தேடுவதற்கு அடி வாங்குகிறான். பின்னர் வந்த பாகங்களின் அமைப்புப் பக்கத்தில் இதற்கு விடை கிடைத்தது. ‘காத்திரு’ என்ற முறையைத் தேர்ந்தால் மந்திரப் பட்டியலோ பொருள் பட்டியலோ திறந்திருக்கும் வரை கடிகாரம் நிற்கும். ‘ஓடு’ என்ற முறையைத் தேர்ந்தால் நிற்காது. நேரம் யாருடையது என்ற முடிவை அவர்கள் ஆடுபவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இது ஒரு பெரிய மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

1993-இல் ஸ்கொயர் நிறுவனத்தின் ‘சீக்ரெட் ஆஃப் மனா’ வேறு விதமாகத் தீர்த்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் சண்டை உறைந்து நிற்கும். பாத்திரத்தைச் சுற்றி ஐகான்கள் வளையமாக விரியும். சண்டைக் களம் மறையாது. எதிரி எங்கே நிற்கிறான், தோழன் எங்கே விழுந்துகிடக்கிறான் என்பதைப் பார்த்துக்கொண்டே மந்திரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வேறு பக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் பட்டியலில் இந்த வசதி இல்லை. திரும்பி வருவதற்குள் களம் மனதிலிருந்து மறைந்துவிடும்.

வளையத்துக்கு ஆய்வின் ஆதரவும் உண்டு. 1988-இல் ஜாக் கலாஹன், டான் ஹாப்கின்ஸ், மார்க் வைசர், பென் ஷ்னைடர்மன் ஆகியோர் எட்டு உருப்படிகள் கொண்ட வட்டப் பட்டியலையும் நேர்ப்பட்டியலையும் ஒப்பிட்டு, வட்டத்தில் தேர்வு விரைவாக நடப்பதைக் காட்டினார்கள். காரணம் எளிது. நடுவிலிருந்து ஒவ்வொன்றும் ஒரே தூரத்தில் இருக்கிறது. திசை மட்டும் வேறு. கை திசையைக் கற்றுக்கொள்கிறது. கன்ட்ரோலரில் இருக்கும் குச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஆனால் எட்டு என்ற எண்ணை மறக்காதீர்கள். ஒரே வளையத்தில் இருபதை அடைத்தால் ஒவ்வொன்றின் கோணமும் குறுகி, விரல் பக்கத்து மந்திரத்தில் போய் விழும்.

நேரத்தை நிறுத்தவே கூடாது என்று முடிவெடுத்த கேம்களும் சிறந்த கேம்களே. 2022-இல் வந்த ‘எல்டன் ரிங்’கை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைத்திருக்கும் மந்திரங்கள் ஒரு சங்கிலி. திசைப் பொத்தானில் மேலே அழுத்தினால் அடுத்த மந்திரம். பின்னோக்கிப் போக வழி கிடையாது. ஏழாவது மந்திரம் வேண்டுமென்றால் முதலாவதிலிருந்து ஆறு முறை அழுத்த வேண்டும், அதுவும் எதிரியின் கோடரி இறங்கிக்கொண்டிருக்கும்போது. இந்த வேதனைக்கு ஒரு சிறு மருந்து வைத்திருக்கிறார்கள்: பொத்தானை அழுத்திப் பிடித்தால் முதல் மந்திரத்துக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு வசதி எல்லாவற்றையும் மாற்றுகிறது. பதற்றத்தில் கண்ணை எதிரியிடமிருந்து எடுக்காமலே, ‘முதலில் இருப்பது இது’ என்று விரல் நம்பலாம். எனவே அனுபவமுள்ளவர்கள் உயிர் காக்கும் மந்திரத்தை முதலிலும், அடிக்கடி தேவைப்படுவதை இரண்டாவதிலும் வைக்கிறார்கள். பன்னிரண்டு இடம் கிடைத்தாலும் பலர் ஐந்தாறோடு நிறுத்திக்கொள்வது ஏன் என்று உங்களுக்கே இப்போது புரியும்.

2023-இல் வந்த ‘ஹாக்வார்ட்ஸ் லெகஸி’ இடைவழி ஒன்றைப் பிடித்தது. வலது டிரிகரைப் பிடித்துக்கொண்டு நான்கு பொத்தான்களில் ஒன்றை அழுத்தினால் ஒரு மந்திரம். இப்படி நான்கு நான்காக நான்கு தொகுதிகள் வரை வைத்துக்கொள்ளலாம், மொத்தம் பதினாறு. ஒரே தொகுதிக்குள் இருக்கும்போது கை மின்னலாக ஓடுகிறது. தொகுதி மாற்றும்போது, இப்போது எந்தத் தொகுதியில் இருக்கிறோம் என்ற கணக்கை ஆடுபவரே சுமக்க வேண்டியிருக்கிறது. நினைவும் நேரமும் எப்படி ஒன்றுக்கொன்று விலையாகின்றன என்பதற்கு இது நல்ல பாடம்.

இன்னொரு மரபு, தேர்வைச் சண்டைக்கு முன்பே முடித்துக்கொள்ளச் சொல்வது. 1974-இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டிலிருந்து வந்தது. ஜாக் வான்ஸின் கதைகளில் மந்திரவாதி முன்கூட்டியே சில மந்திரங்களை மனப்பாடம் செய்துகொள்வான். ஒருமுறை சொன்னால் அது மனதிலிருந்து அழிந்துவிடும். அந்த எண்ணத்தையே விதியாக்கினார்கள். 1998-இல் வந்த ‘பால்டர்ஸ் கேட்’ கேமில் மந்திரப் புத்தகத்தைத் திறந்து, இன்று எத்தனை தீ, எத்தனை உறக்கம் என்று நிதானமாக முடிவு செய்வோம். சண்டையில் ஸ்பேஸ் விசையைத் தட்டினால் உலகம் நிற்கும். பெரிய தேர்வு முகாமில், சிறிய தேர்வு களத்தில். நூறு மந்திரங்களைக் கையாள இதைவிடப் பண்பட்ட வழியை நான் கண்டதில்லை.

அதே மரபில் 2023-இல் லேரியன் நிறுவனத்தின் ‘பால்டர்ஸ் கேட் 3’ வந்தது. அதில் தீ உருண்டை ஏவும் சில நொடிகளை மட்டும் பார்ப்போம். ஐகானைத் தொட்டதும், எந்தப் படிநிலையில் ஏவ வேண்டும் என்று மேலே ஒரு சிறு பெட்டி கேட்கும். மூன்றாம் படியில் எட்டு பகடை சேதம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பகடை கூடும். பிறகு தரையில் ஒரு வட்டம் விழும். அதை நகர்த்த நகர்த்த, வட்டத்துக்குள் யார் யார் சிக்குகிறார்கள் என்பது தெரியும், நம் தோழர்கள் உட்பட. மனம் மாறினால் விட்டுவிடலாம்; ஒன்றும் செலவாகாது. 1998-இன் கேமில் இந்த வட்டம் கிடையாது. எத்தனை தோழர்கள் நம் நெருப்பிலேயே வெந்தார்கள்! இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில் நம் தொழில் கற்றுக்கொண்ட பாடம் அந்த வட்டத்தில் இருக்கிறது. ஏவுவதற்கு முன் விளைவைக் காட்டு. பின்வாங்க இடம் கொடு.

இனி, மாணவர்களாகிய நீங்கள் நாளை மேசைக்குப் போனதும் செய்ய வேண்டியவை.

முதலாவது, எண்ணிக்கையை நினைத்து மட்டும் அஞ்சாதீர்கள்; ஒழுங்கில்லாத எண்ணிக்கையை நினைத்து அஞ்சுங்கள். வில்லியம் ஹிக் 1952-இல் காட்டியபடி, தெரிவுகள் கூடும்போது முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது, ஆனால் மெதுவாகத்தான் கூடுகிறது. தெரிவுகள் ஏற்கெனவே பழகியிருந்தால்தான் இது பொருந்தும். பழகாத பட்டியலை மனிதர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் படிக்கிறார்கள். எனவே புதிதாக வருபவருக்கு நான்கு மந்திரத்தோடு தொடங்குங்கள். பழகப் பழகச் சேருங்கள்.

இரண்டாவது, இடத்தை மாற்றாதீர்கள். சமைக்கிறவர் அஞ்சறைப் பெட்டியைப் பார்க்காமலே கடுகை எடுக்கிறார். ஒருவர் நல்லெண்ணத்தோடு கிண்ணங்களை அகரவரிசையில் அடுக்கிவைத்தால் அன்றைய தாளிப்பு கெட்டுவிடும். புதிய மந்திரம் கற்றதும் பழைய மந்திரங்களைத் தானாக நகர்த்தும் கேம்கள் இதைத்தான் செய்கின்றன. கை கற்றுக்கொண்ட இடம் ஆடுபவரின் சொத்து. அதை மாற்றும் உரிமை அவருக்கு மட்டுமே.

மூன்றாவது, முடியாது என்றால் ஏன் முடியாது என்று சொல்லுங்கள். ஐகானைச் சாம்பல் நிறமாக்கினால் போதாது. சக்தி போதவில்லையா, தூரம் அதிகமா, வாய் கட்டப்பட்டிருக்கிறதா, இன்னும் எத்தனை நொடி காத்திருக்க வேண்டும்? ஒரே சாம்பல் நிறத்துக்குள் இந்த நான்கு காரணங்களும் ஒளிந்துகொண்டால் ஆடுபவர் கேமின் மீது நம்பிக்கை இழப்பார்.

நான்காவது, நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக இருக்கிறார்கள். நஞ்சுக்கும் நெருப்புக்கும் ஒரே வட்ட ஐகானை வரைந்து நிறம் மட்டும் மாற்றினால் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். வெளிக்கோடு வேறாக இருக்கட்டும். ஐகானை அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கி, கருப்பு வெள்ளையில் வைத்துப் பாருங்கள். அப்போதும் அடையாளம் தெரிந்தால் அது நல்ல ஐகான்.

ஐந்தாவது, தமிழில் கேம் செய்ய விரும்புவோருக்கு. ‘கொ’ என்ற எழுத்தில் உயிர்க்குறி மெய்யின் இருபுறமும் வர வேண்டும். ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையில் அப்படியே அடுக்கும் எஞ்சினில் இது சிதறிப்போகும். எழுத்துகளை முறையாகச் சேர்த்து வரையும் வசதி உங்கள் எஞ்சினில் இருக்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே சோதியுங்கள். கோடோ 4 எஞ்சினில் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் நூலகம் மூலம் அந்த வசதி இருக்கிறது. பட்டியலின் பெட்டியையும் தமிழ்ச் சொல்லின் நீளத்துக்கு ஏற்ப முதலிலேயே அகலமாக வரையுங்கள்.

எந்த விடையும் எல்லா கேமுக்கும் பொருந்தாது. ‘டன்ஜன் மாஸ்ட’ரின் குறிப்பலகையைப் பெரிய போர்த்தந்திர கேமில் வைத்தால் ஆடுபவர் களைத்துப்போவார். உலகத்தை நிறுத்தும் வளையத்தை ‘எல்டன் ரிங்’கில் வைத்தால் அந்தப் பயமே போய்விடும். உங்கள் மந்திரவாதி யார்? புத்தகத்தோடு வாழும் அறிஞனா, உள்ளுணர்வால் சட்டென்று கைவீசுபவனா, மூலங்களைக் கலந்து பார்க்கும் ஆராய்ச்சியாளனா? அவனுக்கு ஏற்ற நேரத்தையும் நினைவையும் ஆடுபவருக்குக் கொடுங்கள். திரை அதிலிருந்து பிறக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சோதனைக்கு வருபவர்கள் ஆடி முடித்ததும் எந்தெந்த மந்திரத்தை எத்தனை முறை ஏவினார்கள் என்று கணக்கெடுங்கள். முப்பது மந்திரம் செய்து வைத்திருக்கிறீர்கள். அவர்கள் திரும்பத் திரும்ப நான்கையே ஏவியிருக்கிறார்கள் என்று வையுங்கள். மீதி இருபத்தாறும் சுவையில்லாதவை என்று உடனே வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் அடைய எத்தனை அழுத்தல் ஆகிறது, எத்தனை நொடி ஆகிறது, அந்த நொடிகளில் எதிரி என்ன செய்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். பல நேரங்களில் மந்திரத்தில் குறை இருக்காது, அதற்குப் போகும் வழியில் இருக்கும். ஓர் ஓவியர், ஓர் ஒலிக் கலைஞர், ஒரு புரோகிராமர் என மூன்று பேர் பல வாரம் உழைத்து உருவாக்கிய மந்திரம், நாம் வரைந்த பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் யாரும் தொடாமல் கிடந்தால் அதற்கு நாம்தான் பொறுப்பு. அந்த இருபத்தாறையும் ஆடுபவரின் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த வேலையைத்தான் உங்களிடம் ஒப்படைக்கிறேன்.